ஒரே முழங்கால், மூன்று அளவு: ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் நாள் காலை 2.1 மில்லிமீற்றர். மறுநாள் காலை 2.8. அன்று பிற்பகல் 3.3. மூன்றும் ஒரே ஆட்டின் ஒரே முழங்காலில் எடுத்த அளவுகள். அதே 50 நியூற்றன் விசை, அதே 60 பாகை மடிப்பு, அதே இயந்திரக் கை. இடையில், எலும்புகளைப் பிணைக்கும் இணைநார் எதையும் நாங்கள் தொடவில்லை. அப்படியிருக்க, தொடை எலும்பின் கீழ் கணைக்கால் எலும்பு முன்னே நகரும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது எப்படி?

இதற்கு விடை காண ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளில் நாங்கள் எங்கே தடுமாறினோம், எதைத் தவறாகச் சந்தேகித்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். முழங்காலை ரோபோவில் பூட்டிச் சோதிக்கும் இன்னொருவருக்கு எங்கள் முடிவைவிட அந்தத் தடுமாற்றம் கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பட்டறை

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் தெற்கே முறிகண்டிப் பக்கம் வரும்போது, இரணைமடு நோக்கி உள்ளே இறங்கும் செம்மண் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. முன்பகுதியில் உழவு இயந்திரக் கலப்பைகளுக்கு ஒட்டுவேலை நடக்கும். பின்பகுதியில், தகரக் கூரையின் கீழ், எங்கள் சோதனை அறை. பொதியிடும் ஆலையொன்றில் பல வருடம் உழைத்து ஓய்ந்த ஆறு மூட்டு இயந்திரக் கையைக் கொழும்பில் பழைய சாமானாக வாங்கி, லொறியில் ஏற்றி வந்து, கொங்கிறீற் மேடை போட்டுப் பூட்டினோம். பத்துக் கிலோ வரை தாங்கும் கை அது.

பட்டறை அண்ணை போரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலுடன் காலை முதல் மாலை வரை நின்றே வேலை செய்வார். இப்போது அவரை வருத்துவது இழந்த கால் அல்ல, இருக்கும் வலது முழங்கால். ஒரு காலை இழந்தவர்களின் மற்றைய காலில் முழங்கால் தேய்வு கூடுதலாக வரும் என்பது மருத்துவர்கள் அறிந்த விடயம். இரண்டு காலின் பாரத்தை ஒரு முழங்கால் சுமந்தால் வேறென்ன நடக்கும்? வன்னியில் அப்படிச் சுமக்கும் முழங்கால்கள் ஏராளம். அதோடு, கரப்பந்தாட்டத்தில் துள்ளி இறங்கும்போதும் மோட்டார் சைக்கிள் விபத்திலும் முன் சிலுவை இணைநாரைக் கிழித்துக்கொண்டு வரும் இளைஞர்கள். ஏ.சி.எல். என்று இப்போது ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நார் அது. கிழிந்த நாருக்குப் பதிலாக மாற்று நாரை எந்தக் கோணத்தில், எந்த இழுவையில் பூட்டினால் முழங்கால் பழைய இறுக்கத்துக்குக் கிட்டப் போகும் என்பதுதான் நாங்கள் ஆராய விரும்பியது. அதற்கு முதலில் இறுக்கத்தை அளக்கத் தெரிய வேண்டும்.

ஏன் ஆடு? ஏ.சி.எல். ஆராய்ச்சியில் வெள்ளாடு நெடுங்காலமாகப் பயன்படும் விலங்கு. எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: இறைச்சிக் கடையில் கிடைக்கும். பின்னங்காலை மூட்டில் வெட்டாமல் முழுதாகத் தரும்படி முதல்நாளே சொல்லிவைத்தால் போதும். தசைகளைக் கவனமாக அகற்றிவிட்டு, மூட்டுறையும் இணைநார்களும் சேதமில்லாமல் விடுவோம். உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றிவைப்போம்.

கை எப்படி அளக்கிறது

முழங்கால் கதவுப் பிணைச்சல் போல ஒரே அச்சில் திரும்பும் மூட்டு அல்ல. மடியும், சுழலும், பக்கத்துக்குச் சரியும், முன்னும் பின்னும் வழுக்கும், மேலும் கீழும் நெருங்கி விலகும், இடம் வலமாகவும் நகரும். ஆறு வகை அசைவுகள். இவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் விவரிக்கும் அச்சு முறையை குரூட், சன்ரே இருவரும் 1983இல் வகுத்தார்கள். இன்றுவரை அதுதான் இந்தத் துறையின் பொதுமொழி. 1990களில் பிட்ஸ்பர்க்கில் சாவியோ வூவின் குழு தொழிற்சாலை ரோபோவையும் ஆறு திசை விசை உணரியையும் சேர்த்து முழங்காலைச் சோதிக்கும் வழியை வளர்த்தெடுத்தது. பியூஜியே முதலானோர் 1993இல் வெளியிட்ட கட்டுரை அதன் தொடக்கப் படிகளில் ஒன்று.

அந்த முறையின் அழகு இதுதான். முழுமையான முழங்காலை ரோபோ அசைக்கிறது, அசைந்த பாதையை நினைவில் வைக்கிறது. பிறகு ஒரு இணைநாரை அறுக்கிறோம். ரோபோ அதே பாதையில் அதே எலும்பை மீண்டும் நடத்துகிறது. முதல் தடவை உணரி காட்டிய விசையிலிருந்து இரண்டாம் தடவைக்குரியதைக் கழித்தால், அறுத்த நார் சுமந்துகொண்டிருந்த விசை கிடைக்கிறது. நாருக்குள் கருவி எதையும் செருக வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கழித்தல் முழுவதும் ஒரு சொல்லில் தொங்குகிறது: 'அதே'. அதே பாதை என்றால் எவ்வளவு அதே? வூவின் குழு 1991இல் வெளியிட்ட அளவுகளின்படி, இளவயதினரின் ஏ.சி.எல். ஒரு மில்லிமீற்றர் நீள ஏறக்குறைய 242 நியூற்றன் வேண்டும். நார் நேராக இழுபடும் நிலையில், பாதை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் விசையில் 24 நியூற்றன் பிசகும். ஒரு தாளின் தடிப்பு அளவு பிழை, கையால் உணரக்கூடிய விசையாகி வந்து நிற்கிறது. அதனால்தான் இந்த வேலையில் அளவின் நம்பகம் என்பது பின்னிணைப்பில் எழுதும் சடங்கு அல்ல என்கிறேன்.

எங்கள் சோதனை அந்தளவு நுட்பமானதல்ல. தொடை எலும்பு மேலே இரும்புச் சட்டத்தில் நிமிர்ந்து பூட்டப்பட்டிருக்கும். கணைக்கால் எலும்பின் அடி, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக்கை ஊற்றி இறுக்கிய ஒரு குழாய்க் கோப்பைக்குள் இருக்கும். கோப்பை உணரியிலும், உணரி கையிலும் பூட்டப்படும். 45, 60, 90 பாகை மடிப்புகளில் முதலில் 'ஓய்வு நிலை'யைத் தேடுவோம். அதாவது உணரி எந்தத் திசையிலும் விசை காட்டாத இடம். அங்கிருந்து 50 நியூற்றன் முன்னே இழுப்போம், பிறகு 50 நியூற்றன் பின்னே தள்ளுவோம். மருத்துவர் முழங்காலை மடித்துவைத்துக் கையால் இழுத்தும் தள்ளியும் பார்க்கும் 'டிராயர்' சோதனையின் இயந்திர வடிவம் இது.

மனித முழங்காலுக்கு வழக்கமாக 134 நியூற்றன் பயன்படுத்துவார்கள். அது முப்பது இறாத்தல். மருத்துவமனைகளில் பயன்பட்ட கேரீ-1000 கருவியும் அதே விசையில் இழுத்து இரண்டு முழங்கால்களையும் ஒப்பிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீற்றரோ கூடவோ என்றால் இணைநார் பற்றிச் சந்தேகப்படு என்பது அங்கே கைக்கொண்ட வழக்கம். 3 மில்லிமீற்றர் என்ற அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளின் மகிழ்ச்சி

முதல் நாள் 60 பாகையில் பத்துத் தடவை அடுத்தடுத்து இழுத்தோம். தொடக்கத்தில் நார் இளகும் என்பதால் முதல் சில சுற்றுகளைக் கணக்கில் எடுக்கவில்லை. மிச்ச அளவுகள் எல்லாம் 2.1ஐச் சுற்றியே இருந்தன. ஒன்றுக்கொன்று 0.1 கூட வேறுபடவில்லை. தரவுகளைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்த மாணவி எழுந்து நின்று கைதட்டினார். நானும் மகிழ்ந்தேன். அன்று மாலை அண்ணையிடம், "இனி நார் அறுக்கலாம்" என்றேன்.

அறுக்கவில்லை. அக்ரிலிக்குக்குள் எலும்பு இலேசாக ஆடுவதை அண்ணை விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னார். எலும்பின் மேலுறையைச் சரியாகச் சுரண்டாமல் ஊற்றியிருந்தோம், கொழுப்பு மிஞ்சியிருந்தது. கழற்றி, சுரண்டி, எலும்புக்குக் குறுக்கே திருகாணி செலுத்தி, மறுநாள் காலை புதிதாக ஊற்றினோம். இரும்புக் கோப்பை உப்புநீரில் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்ததால் அண்ணை இரவோடிரவாக அலுமினியத்தில் ஒன்று கடைந்து தந்தார். பளபளவென்று, முன்னையதைவிட எவ்வளவோ நேர்த்தியாக இருந்தது.

பூட்டினோம், இழுத்தோம். 2.8. பத்துத் தடவை இழுத்தாலும் 2.8தான். பிற்பகல் 3.3. அதுவும் பத்துத் தடவையும் 3.3தான்.

வன்னியில் நெல் விற்ற எவருக்கும் தராசின் குற்றம் இரண்டு வகை என்று தெரியும். ஒரு தராசு வைக்கும் தடவைக்கு ஒரு நிறை காட்டும், அதைக் கண்ட உடனே விவசாயி சண்டைக்குப் போய்விடுவார். இன்னொரு தராசு ஒவ்வொரு மூடைக்கும் சரியாக இரண்டு கிலோ குறைத்துக் காட்டும், எத்தனை தடவை வைத்தாலும் அதே எண். அதனிடம்தான் ஏமாறுவோம். எங்கள் இயந்திரம் இரண்டாவது வகைத் தராசாக இருந்தது. அதுவும் நாளுக்கொரு குறை வைக்கும் தராசு.

எதையெல்லாம் சந்தேகித்தோம்

முதலில் கையையே சந்தேகித்தோம். தொழிற்சாலை ரோபோவின் விவரத்தாளில் 'மீண்டும் அதே இடத்துக்கு வரும் திறன்' என்று ஒரு மில்லிமீற்றரின் மிகச் சிறு பின்னம் எழுதியிருக்கும். ஐ.எஸ்.ஓ. 9283 என்ற தரமுறைப்படி அளந்த எண் அது. பொய்யல்ல. ஆனால் அது ஒரே பாரத்துடன் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதைப் பற்றியது. விசை மாற மாற கை எவ்வளவு வளையும் என்பதை அந்த எண் சொல்லாது. கையின் மூட்டுகளில் இருக்கும் என்கோடர்கள் தங்கள் கோணத்தை மட்டும் அறியும். பற்சக்கரப் பெட்டியும் சட்டமும் வளைந்துகொடுப்பதை அவை அறியா.

முழங்காலைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் தடித்த உருக்குக் கம்பியொன்றைப் பூட்டி 50 நியூற்றன் இழுத்தோம். கம்பி நகர வழியில்லை. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி 0.2 மில்லிமீற்றர் நகர்ந்ததாகச் சொன்னது. கம்பியில் ஒட்டவைத்த டயல் கேஜின் முள் அசையவில்லை. அந்த 0.2 முழுவதும் கையின் வளைவு. நாங்கள் அளந்த எல்லா எண்களிலும் அது ஒளிந்திருக்கிறது, 2.1இலும் கூட. திருத்தப்பட வேண்டிய பிழைதான். ஆனால் இரண்டு நாளும் அதே 0.2. நாங்கள் தேடிய கள்ளன் அதுவல்ல. 134 நியூற்றனில் இதே வளைவு அரை மில்லிமீற்றரைத் தாண்டும் என்று மட்டும் குறித்துவைத்துக்கொண்டோம்.

அடுத்து அச்சுகள். எலும்பின் இருபுறப் புடைப்புகளைக் கூர்முனைக் குச்சியால் தொட்டுத்தான் அச்சு வகுக்கிறோம். தொடுபவர் மாறினால் புள்ளி மாறும். மறுபூட்டலின்போது தொட்டது நான், முதல்நாள் தொட்டது மாணவி. இருவரும் மீண்டும் தொட்டு, இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்த்தோம். 0.1 மில்லிமீற்றர் வித்தியாசம். குற்றவாளி அதுவும் அல்ல. சுழற்சி அளவுகளில் இதே தொடுபிழை மிக மோசமாகப் பேசும், அது வேறு கதை.

மூன்றாவதாக முழங்காலையே சந்தேகித்தோம். இந்த வெக்கையில் நார் காய்ந்திருக்கும், அல்லது இழுத்து இழுத்து இளகியிருக்கும் என்று நினைத்தோம். நியாயமான சந்தேகம். அப்படியானால் அது நாளுக்கு நாள் இளகிக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் நாள் காலை பூட்டைக் கழற்றாமலே மீண்டும் இழுத்தோம்: 2.8. பிற்பகல்: 3.3. இளகிய நார் இரவில் தானாக இறுகி, வெயில் ஏறியதும் மீண்டும் இளகுமா? அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

முன்னும் பின்னும் கூட்டியபோது

வழி காட்டியவர் மாணவி. நாங்கள் எல்லோரும் முன்னே இழுத்த அளவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பின்னே தள்ளிய அளவையும் பக்கத்தில் எழுதினார்.

முதல் நாள்: முன்னே 2.1, பின்னே 2.5.
இரண்டாம் நாள் காலை: முன்னே 2.8, பின்னே 1.9.
பிற்பகல்: முன்னே 3.3, பின்னே 1.4.

"சேர், கூட்டிப் பாருங்கள்" என்றார். 4.6. 4.7. 4.7.

முழங்கால் மாறவேயில்லை. அதன் மொத்த ஆட்டம் மூன்று வேளையும் ஒன்றுதான். மாறியது நாங்கள் அளக்கத் தொடங்கிய இடம். ஒவ்வொரு தடவையும் கை வெவ்வேறு புள்ளியில் நின்றுகொண்டு, 'இதுதான் ஓய்வு நிலை' என்று சொல்லியிருக்கிறது.

தேர் இழுத்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வடம் தரையில் தொய்ந்து கிடக்கும்போது ஒரு முழம் இழுக்க விசையே வேண்டாம். இறுகிய பின் பத்துப் பேர் இழுத்தாலும் ஒரு விரற்கடைதான் வரும். முழங்காலும் அப்படித்தான். விசைக்கும் நகர்வுக்கும் வரைபு கீறினால் இரு முனையிலும் செங்குத்தாக ஏறும், நடுவில் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். எங்கள் ஆட்டு முழங்காலில் அந்த நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றர் நகர 5 நியூற்றன் அளவே தேவைப்பட்டது. ஓய்வு நிலையோ அந்தத் தொய்வுக்குள்தான் இருக்கிறது. உணரி 2.5 நியூற்றன் பொய் சொன்னால், கை அரை மில்லிமீற்றர் தள்ளிப்போய் நிற்கும். 50 நியூற்றன் முனையில் அதே பொய் கணக்கிலேயே வராது. தொடக்கப் புள்ளியில் அது முழுக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

இந்த ஆய்வில் நான் கற்றவற்றுள் பெரியது இதுதான். முழங்கால் அளவின் நம்பகம் கெடுவது பெரிய விசையில் அல்ல. விசையே இல்லாத இடத்தில்தான் கெடுகிறது.

ஆனால் உணரி ஏன் பொய் சொன்னது?

பிற்பகல் பொய்யைப் பிடிப்பது எளிதாக இருந்தது. கையில் எதையும் பூட்டாமல், காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணிவரை உணரியின் பூச்சியத்தை அரைமணிக்கு ஒருதடவை எழுதினோம். அறை வெப்பநிலை 28 பாகையிலிருந்து 37க்கு ஏறியது. முன்பின் திசையில் பூச்சியம் மெல்ல மெல்ல 2.5 நியூற்றன் நகர்ந்தது. தகரக் கூரை சூடாக, அதோடு உணரியும் சூடாகியிருக்கிறது. காலையில் ஒரு தடவை பூச்சியம் செய்துவிட்டு நாள் முழுதும் அதையே நம்பியிருந்தோம்.

மிச்சம் இருந்தது முதல் நாளுக்கும் இரண்டாம் நாள் காலைக்கும் இடையிலான 0.7. இரண்டும் காலைதான், வெப்பம் ஒன்றுதான். இதற்கு மூன்று நாள் போனது. துப்பு எங்கள் கோப்பிலேயே இருந்தது: வித்தியாசம் எல்லாக் கோணத்திலும் ஒன்றாக இல்லை. 45 பாகையில் குறைவு, 60இல் கூட, 90இல் எல்லாவற்றிலும் கூட. மடிக்க மடிக்கக் கூடும் பிழை என்ன பிழை?

அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நானும் மாணவியும் வாதாடிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற அண்ணை ஒன்றும் பேசாமல், நீர் நிறைந்த வாளியைத் தூக்கிக் கையைத் தொங்கவிட்டார். பிறகு அதே வாளியோடு கையைப் பக்கவாட்டில் நீட்ட முயன்றார். பாதியிலேயே கை நடுங்கியது. "தொங்கினால் தெரியாது. நீட்டினால்தான் பாரம் தெரியும். கோப்பை நீட்டி நிற்கிறது அல்லவா?" என்றார்.

கோப்பை!

தொடை எலும்பு நிமிர்ந்து நிற்பதால், முழங்கால் மடிய மடியக் கணைக்கால் எலும்பு கிடைநிலைக்கு வரும். கோப்பையின் பாரம் அப்போது முன்பின் திசையில் முழுதாக விழும். அந்தப் பாரத்தைக் கழிக்கும் கணக்கு எங்கள் நிரலில் இருந்தது. ஆனால் அதில் இருந்தது பழைய இரும்புக் கோப்பையின் பாரம். அலுமினியக் கோப்பை 400 கிராம் இலேசானது. இல்லாத 400 கிராமை நிரல் கழித்துக்கொண்டிருந்திருக்கிறது. 400 கிராம் என்றால் 3.9 நியூற்றன். 60 பாகையில் அதன் முன்பின் கூறு 3.4. தொய்வில் அது ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது.

அழகாகக் கடைந்து தந்த கோப்பையில் குற்றமில்லை. அதை நிறுக்காமல் பூட்டியது என் குற்றம். அண்ணையிடம் அன்று அதைச் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

எண்களைப் பற்றி

முதல் நாளின் பத்து அளவுகளை மட்டும் வைத்து நாங்கள் அறிக்கை எழுதியிருந்தால் அது பார்க்க மிக நன்றாக இருந்திருக்கும். அடுத்தடுத்து எடுத்த அளவுகள் ஒத்துப்போவது, இயந்திரம் கடந்த நிமிடத்தில் செய்ததை இந்த நிமிடத்திலும் செய்கிறது என்பதை மட்டுமே காட்டும். கழற்றிப் பூட்டினால் என்ன ஆகும், வேறொருவர் பூட்டினால் என்ன ஆகும், வெயில் ஏறினால் என்ன ஆகும் என்பவை வேறு வேறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சோதனை வேண்டும். வெளிவரும் கட்டுரைகளில் 'நம்பகத்தன்மை மிகச் சிறப்பு' என்று காணும்போதெல்லாம் இனி நான் முதலில் தேடுவது இதைத்தான்: முழங்காலைக் கழற்றினார்களா?

அளவுகளின் நம்பகத்தைக் காட்ட ஆய்வாளர்கள் கணக்கிடும் ஐ.சி.சி. என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு நெருங்க நெருங்க நல்லது என்பார்கள். அந்த எண் அளவின் பிழையை மட்டும் பார்ப்பதில்லை, அளக்கப்பட்டவை தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். அளவுப் பிழையின் நியம விலகல் 0.3 மில்லிமீற்றர் என்று வையுங்கள். கிடாயும் மறியும் கிழடும் குட்டியுமாக, தமக்குள் 1.0 நியம விலகல் உள்ள முழங்கால்களை அளந்தால் ஐ.சி.சி. 0.92 வரும். ஒரே பட்டியில், ஒரே வயதில், தமக்குள் 0.3 மட்டுமே வேறுபடும் முழங்கால்களை அளந்தால் 0.5 வரும். இயந்திரம் ஒன்று, பிழை ஒன்று, புகழ் மட்டும் இரண்டு.

ஆகவே பிழையை மில்லிமீற்றரிலேயே சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பிளான்ட், ஆல்ட்மன் இருவரும் 1986இல் லான்செட் இதழில் காட்டிய முறையும் அளவின் அலகிலேயே பேசச் சொல்வதுதான். பிழை 0.3 என்றால், ஒரே முழங்காலின் இரண்டு அளவுகளுக்கு இடையில் உண்மையான மாற்றம் என்று துணிய அதைப் போல் 2.77 மடங்கு வேண்டும். அதாவது 0.8 மில்லிமீற்றருக்கு மேல். மருத்துவரின் 3 மில்லிமீற்றரைப் பிடிக்க இது தாராளம். இரண்டு மாற்று நார் முறைகளுக்கு இடையிலான அரை மில்லிமீற்றரைப் பிடிக்க இது உதவாது. நாங்கள் தேடியது அந்த அரை மில்லிமீற்றரை.

ஒன்பதாம் நாள்

உணரியைச் சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே இயக்கிவைக்கத் தொடங்கினோம். அண்ணை தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்தார், பிற்பகல் வெக்கை கண்கூடாகத் தணிந்தது. கோப்பை, அக்ரிலிக், எலும்பு, திருகாணி எல்லாவற்றையும் ஒவ்வொரு பூட்டலுக்கு முன்பும் நிறுத்து, நிரலில் அந்த நாளின் எண்ணையே இடுகிறோம். காலையில் 5 கிலோ படிக்கல் ஒன்றைக் கையில் தொங்கவிட்டு உணரி 49 நியூற்றன் காட்டுகிறதா என்று பார்க்கிறோம். முன்னே நகர்ந்த தூரத்தோடு மொத்த ஆட்டத்தையும் எழுதுகிறோம், ஏனென்றால் தொடக்கப் புள்ளி பிசகினாலும் மொத்தம் பிசகாது. முதலில் எடுத்த அளவை நாளின் கடைசியிலும் ஒருதடவை எடுக்கிறோம். இரண்டும் ஒவ்வாவிட்டால் அன்றைய வேலை முழுவதும் செல்லாது.

பிறகு அதே முழங்காலை மூன்று தடவை கழற்றிப் பூட்டினோம். ஒருதடவை நான், ஒருதடவை மாணவி, ஒருதடவை அண்ணை. 2.0, 2.3, 2.1.

அதன் பிறகுதான் ஏ.சி.எல்.ஐ அறுத்தோம். அதே 50 நியூற்றனுக்குக் கணைக்கால் எலும்பு பத்து மில்லிமீற்றரைத் தாண்டி வழுக்கியது, பாதுகாப்பு எல்லையில் கை தானாக நின்றது. கோப்பையின் பாரம் தவறாக இருந்த நாளில் அறுத்திருந்தாலும் இந்தப் பாய்ச்சலைக் கண்டிருப்போம். கண்டு, 'எங்கள் இயந்திரம் நன்றாக அளக்கிறது' என்று எழுதியும் இருப்போம்.

மாற்று நார் ஒப்பீட்டை இன்னும் தொடங்கவில்லை. ஆறு முழங்கால்கள் ஆழ்குளிர்ப் பெட்டியில் இருக்கின்றன. −20 பாகையில் வைத்தால் நாரின் பலம் பெரிதாக மாறாது என்பது தெரிந்ததே. ஆனால் போன கிழமை மின்சாரம் நீண்ட நேரம் நின்றதில் இரண்டு முழங்கால்கள் இளகிவிட்டன, அவற்றை ஒதுக்கிவிட்டோம். 134 நியூற்றனை இந்தக் கை தாங்காது. மனித முழங்காலுக்குப் போக வேண்டுமென்றால் வேறு கை வேண்டும், அதன் வளைவை முதலிலிருந்து அளக்கவும் வேண்டும். அண்ணை அதற்கென்று இன்னொரு உருக்குக் கம்பியை, இப்போதுள்ளதைவிட இருமடங்கு தடிப்பில், வெட்டி எண்ணெய் பூசி வைத்திருக்கிறார். அலுமினியக் கோப்பையின் பக்கத்தில் அதன் இன்றைய நிறையை எழுத்தாணியால் அவரே கீறியிருக்கிறார்.